பென்சில் குறி போட்ட இடம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் ஒரு குடும்பத்திடம் ஒரே நாளில் எத்தனை கையெழுத்து வாங்குகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். உள்ளே சேர்க்க ஒன்று, மூச்சுக்குழாய் பொருத்த ஒன்று, கழுத்து ரத்தக்குழாயில் ஊசி ஏற்ற ஒன்று, ரத்தம் ஏற்ற ஒன்று, டயாலிசிஸுக்கு ஒன்று. மாலைக்குள் ஐந்து. எங்கே போட வேண்டும் என்று நர்ஸ் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார். யாரும் படிப்பதில்லை. படிக்க நாங்களும் விடுவதில்லை.

ஆறாவதாக ஓர் ஆய்வுப் படிவத்தை எடுத்துக்கொண்டு போவது என் வேலைகளில் ஒன்று. தொற்று முற்றி உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் நோயாளிகளை வைத்து நடக்கும் மருத்துவ ஆய்வில் இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்ணிடம் அப்படிப் போனேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், காலில் ஆறாத புண், அதிலிருந்து செப்சிஸ். பதினொரு பக்கப் படிவத்தை வரிவரியாகச் சொன்னேன். தலையாட்டினார், குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் ஆய்வு உதவியாளர் கூடுதலாக ஒரு குப்பி ரத்தம் எடுப்பதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"இது எதற்கு, சார்?"

"நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களே அம்மா, அந்த ஆய்வுக்கு."

"அதா? அது டயாலிசிஸுக்கு என்றல்லவா நினைத்தேன்!"

நான் பொய் சொல்லவில்லை. எதையும் மறைக்கவில்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனாலும் அது ஒப்புதல் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து என் படிவங்களில் பென்சில் குறி கிடையாது. சொல்லி முடித்ததும், "இதை வீட்டில் உங்கள் அம்மாவிடம் எப்படிச் சொல்வீர்கள், ஒரு தடவை எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்பேன். பாதிப் பேர் அங்கேதான் தடுமாறுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன்.

இந்தப் பேச்சு வாசலில் நடப்பதற்கு முன்பே, நிதானமான நேரத்தில் நீங்கள் இதைப் படித்திருந்தால் நல்லது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

செப்சிஸை ஊரில் "ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்பார்கள். அவசரத்தில் நானும் அப்படித்தான் சொல்கிறேன். அது பாதி உண்மை. பல நோயாளிகளின் ரத்தத்தைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் ஒன்றுமே வளராது. தொற்று சிறுநீரகத்திலோ நுரையீரலிலோ கால் புண்ணிலோ இருக்கும். அதை அடக்கக் கிளம்பிய உடலின் எதிர்ப்பு கட்டுமீறிப் போய், சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்கும். கலவரத்தை அடக்க வந்த போலீஸின் தடியடியில் ஓரமாக நின்ற காய்கறிக்காரரும் அடி வாங்குவதைப் போல. இப்போது நாங்கள் பின்பற்றும், 2016-இல் வந்த வரையறையும் இதையே சொல்கிறது. உலகம் முழுக்க 2017-ஆம் ஆண்டில் 4.89 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அந்த ஆண்டின் ஐந்து மரணங்களில் ஒன்று. காய்ச்சலோடு மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, காலையிலிருந்து சிறுநீரே போகவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

குழறும் அந்தப் பேச்சில்தான் ஆய்வின் சிக்கலும் இருக்கிறது. புற்றுநோய் ஆய்வில் சேர்பவர் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று பேரிடம் கேட்டு, ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம். செப்சிஸில் சம்மதிக்க வேண்டியவர் நினைவின்றிக் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக, சட்டம் ஏற்கும் உறவினர் ஒருவர், சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். நம் குடும்பங்களில் அந்த ஒருவர் யார் என்பதே பெரிய கேள்வி. மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அவரை யாரும் கேட்க மாட்டார்கள். முடிவெடுக்கும் பெரியப்பா வேறு ஊரிலிருந்து போனில் வருவார். நான் போனை வாங்கிப் பேசிவிட்டு, திரும்பி மனைவியிடமே முதலிலிருந்து சொல்வேன். பெரியப்பாவுக்குக் கோபம் வரும். வரட்டும்.

"எங்கள் அப்பாவைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?" என்று கேட்காத குடும்பம் அபூர்வம். நியாயமான கேள்வி. அடுத்தது, "குலுக்கல் போட்டா வைத்தியம் பார்ப்பீர்கள்?" இது அதைவிட நல்ல கேள்வி. ஆமாம், இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் ஆய்வில் யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. எது சிறந்தது என்று எனக்குத் தெரிந்திருந்தால் குலுக்கல் போடுவது குற்றம். தெரியாதபோது, தெரிந்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றைக் கொடுப்பதுதான் வழக்கமான வைத்தியம். அதிலும் குலுக்கல் இருக்கிறது. யாரும் கணக்கு வைப்பதில்லை, அவ்வளவுதான்.

கணக்கு வைத்தபோது என்ன ஆனது என்பதற்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வை எப்போதும் சொல்வேன். கடும் காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு, ரத்த ஓட்டம் குன்றி வரும் குழந்தைக்கு முதலில் சலைனை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது நாங்கள் எல்லோரும் படித்த பாடம். கேள்வி கேட்க வேண்டிய பாடமாகவே அது தோன்றியதில்லை. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளைச் சேர்த்து ஒப்பிட்டார்கள். வேகமாக ஏற்றிய இரண்டு பிரிவுகளிலும் 48 மணி நேரத்துக்குள் 100-க்குப் பத்துக்கு மேல் இறந்தார்கள். வேகமாக ஏற்றாமல் மற்றச் சிகிச்சைகளை மட்டும் கொடுத்த பிரிவில் ஏழு சொச்சம். கண்காணிப்புக் குழு ஆய்வை முடியும் முன்பே நிறுத்தியது. 2011-இல் முடிவு வெளிவந்தபோது எங்களில் பலர் நம்ப மறுத்தோம், அங்கே மலேரியா அதிகம், தீவிர சிகிச்சை வசதி குறைவு என்று காரணம் தேடினோம். அந்தக் காரணங்களில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு சலைன் பாட்டிலை முழுவேகத்தில் திறந்துவிடும் முன் என் கை ஒரு நொடி தயங்குகிறது. மரணத்தின் விளிம்பில் குழந்தையை ஏந்திவந்த தாய்மார்களிடம் அங்கே முதலில் வாய்வழிச் சம்மதம் மட்டும் கேட்டு, குழந்தையின் நிலை சற்றுச் சீரானதும் விவரமாகச் சொல்லி எழுத்தில் வாங்கினார்கள். அந்த நேரத்தில் அந்தத் தாய்மார்கள் தலையசைத்திராவிட்டால் நாங்கள் இன்னும் அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்போம்.

எதிர்ப் பக்கமும் உண்டு. புது மருந்து என்றாலே நல்ல மருந்து என்று நினைத்து, "எங்களுக்கு அந்தப் புதுசையே போடுங்கள்" என்று கேட்பவர்கள் உண்டு. செப்சிஸுக்கென்றே சைக்ரிஸ் என்று ஒரு மருந்து 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1,690 பேரிடம் நடந்த ஆய்வில் உயிர் காத்ததாகத் தெரிந்த மருந்து. பிறகு இன்னொரு பெரிய ஆய்வில் எந்தப் பலனும் தெரியவில்லை. 2011-இல் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் ஆய்வில் சேர்ந்தால் உங்கள் அப்பா பிழைப்பார் என்று யாராவது சொன்னால், அந்த ஆய்விலிருந்து விலகி நில்லுங்கள். அப்படிச் சொல்ல யாராலும் முடியாது.

ஆய்வு பலன் தந்ததற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். மழைக்காலம் முடிந்து பனி இறங்கும் மாதங்களில் எங்கள் வார்டு இதனால் நிறையும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்டது போல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். சேலை கட்டும் இடத்தை விலக்கிப் பார்க்காமல் விட்டால் நோயே தெரியாமல் போகும். முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று வரிசையாக விழும். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டுமே பழைய மருந்துகள். எது மேல் என்று நாங்கள் ஆளுக்கொரு கட்சியாக இருந்தோம். வேலூர் சி.எம்.சி. முன்னின்று, இந்தியாவில் ஏழு மையங்களில் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. அதில் எனக்குப் பங்கில்லை, பொறாமை உண்டு. நோய் முற்றிய கிட்டத்தட்ட 800 பேரை மூன்று பிரிவுகளாக்கி, ஏதாவது ஒன்று அல்லது இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுத்தார்கள். இறப்பு, ஏழாம் நாளும் தீராத உறுப்புக் கோளாறு, ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால், ஒற்றை மருந்து பெற்ற பிரிவுகளில் 100-க்கு 47, 48 பேர். இரண்டும் பெற்றவர்களில் 33 பேர். இறப்பை மட்டும் தனியே பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எங்கள் கட்சிச் சண்டை ஓய்ந்தது. அந்த முற்றிய நிலையில் வருபவருக்கு இப்போது நான் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எல்லா ஆய்விலும் மருந்து இருக்காது. தென் அமெரிக்காவின் ஐந்து நாடுகளில் 424 பேரிடம், நோயாளியின் விரல் நுனியை அழுத்திவிட்டு நிறம் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்துச் சிகிச்சையைத் திருத்துவதை, ரத்த ஓட்டம் குன்றினால் ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்த்துத் திருத்துவதோடு ஒப்பிட்டார்கள். காசு செலவில்லாத விரல் சோதனை சோடை போகவில்லை. பல ஆய்வுகளில் கேட்பது ஒரு தேக்கரண்டி ரத்தமும் ஆறு மாதம் கழித்து ஒரு போன் அழைப்பும் மட்டுமே.

சரி, வாசலில் நிற்கிறீர்கள், படிவம் வந்துவிட்டது. முதலில் இதைக் கேளுங்கள்: இந்த ஆய்வே இல்லையென்றால் எங்கள் ஆளுக்கு என்ன செய்வீர்கள், சேர்ந்தால் அதற்கு மேல் என்ன செய்வீர்கள்? இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் மற்றது எதையும் கேட்க வேண்டியதில்லை. ஆன்டிபயாடிக் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. காத்திருக்கிறது என்று தெரிந்தால் சத்தம் போடுங்கள். இந்தியாவில் மருந்து ஆய்வு எதுவும் சி.டி.ஆர்.ஐ. என்ற பொதுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கினால் வெளியூரில் படிக்கும் பிள்ளைகூட இணையத்தில் பார்த்துவிடலாம். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்திலேயே இருக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சாராதவர்கள், மருத்துவம் படிக்காத பொதுமனிதர் ஒருவர் கட்டாயம். படிவத்தின் நகல் உங்களுக்குச் சொந்தம். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முழுநேரமும் உடனிருக்க வேண்டும். அவசரத்தில் வார்டு பாயைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது சாட்சி ஆகாது.

பணம்? ஆய்வுக்கான மருந்துக்கோ சோதனைக்கோ உங்களிடம் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. ஆய்வால் கேடு நேர்ந்தால் சிகிச்சை இலவசம். 2019-இல் வந்த மருத்துவ ஆய்வு விதிகளில் இழப்பீட்டுக்கு ஒரு சூத்திரமே இருக்கிறது. 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் பெருக்கி வகுக்கும் சூத்திரம். முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவருக்கு 2 லட்சம் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். படிக்கக் கசப்பாக இருக்கும். நானும் கசப்போடுதான் சொல்கிறேன், ஆனால் கையெழுத்துக்கு முன் சொல்கிறேன்.

இவ்வளவும் கேட்டபின் மனம் ஒப்பவில்லையென்றால், "வேண்டாம்" போதும். காரணம் தேவையில்லை. "வேண்டாம் என்றால் கவனிப்பில் குறை வைப்பார்களோ" என்ற பயத்தில் சம்மதிப்பவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்ல முடியாது. முகத்தைப் பார்த்தால் தெரியும். அப்படித் தெரிந்தால் நானே படிவத்தை மடித்துவிடுவேன். சேர்ந்த பிறகும் எந்த நாளும் விலகலாம். நோய் இல்லாதவர்களுக்கும் இதில் இடம் உண்டு: ஒப்பிடுவதற்கு ஆரோக்கியமானவரின் ரத்தம் வேண்டியிருக்கிறது. செப்சிஸிலிருந்து பிழைத்து வீடு திரும்பியவர்களின் மறதியும் தசைத் தளர்ச்சியும் தூக்கமின்மையும் மாதக்கணக்கில் நீடிப்பதை, அவர்கள் திரும்பி வந்து சொன்னதால்தான் தெரிந்துகொண்டோம்.

உறவினர் கையெழுத்தோடு வேலை முடிவதில்லை. நோயாளிக்கு நினைவு திரும்பியதும் அவரிடமே கேட்க வேண்டும். சென்ற ஆண்டு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவருக்குச் சிறுநீரகத் தொற்றிலிருந்து செப்சிஸ். மகன் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறாம் நாள் மூச்சுக்குழாயை எடுத்த மறுநாள் படிவத்தோடு போனேன்.

"என்னைக் கேட்காமல் என் ரத்தத்தை எடுத்திருக்கிறீர்கள்" என்றார், கரகரத்த குரலில்.

"உங்கள் மகனைக் கேட்டோம், டீச்சர்."

"அவனா? சிலிண்டர் புக் பண்ணவே என்னைக் கேட்பான்." மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடியைக் கொடு. பென்சில் இருக்கிறதா?"

இரண்டு பக்கம் படித்துவிட்டுக் களைத்துப் போய், மீதியை நாளை என்றார். மறுநாள் போனபோது முடித்திருந்தார். மருத்துவக் குறிப்புகளைப் பயன்படுத்தச் சம்மதம். ரத்தத்தைச் சேமித்துவைத்துப் பின்னாளைய ஆய்வுகளுக்குப் பயன்படுத்தச் சம்மதமில்லை. உறைபெட்டியில் இருந்த இரண்டு குப்பிகளை அழிக்க அன்றே எழுதிக் கொடுத்தேன். நான்காம் பக்கத்தில் "நீங்கள் சீரற்றமயமாக்கப்படுவீர்கள்" என்ற வரியைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் "இது எந்த ஊர்த் தமிழ்?" என்று எழுதியிருந்தார். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பித் திருத்தி வாங்கினோம். இப்போது அந்த இடத்தில் "குலுக்கல் முறையில்" என்று இருக்கிறது.