'ஆரம்பகாலத் தலையீடு': யார், எதில் தலையிடுகிறார்?

பேச்சிலும் நடையிலும் பிறரோடு பழகுவதிலும் பின்தங்கும் சிறு பிள்ளைகளுக்கான சுகாதார சேவைகளை அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களில் 'ஆரம்பகாலத் தலையீடு' என்ற தொடர் யாழ்ப்பாணத்திலும் வேரூன்றிவிட்டது. இனியும் பொறுத்திருந்தால் அதுவே அகராதிக்குள் புகுந்துவிடும்.

இத்தொடரின் ஆங்கில மூலமான 'ஏர்லி இன்டர்வென்ஷன்' என்பதன் பின்பாதி 'இடையே வருதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டமொன்று மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான இச்சேவைகளுக்கு வழிவகுத்தது. பேச்சு மொழிச் சிகிச்சை, அன்றாடச் செயல்களைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை, உடலியக்கத்தைச் சீராக்கும் இயன்மருத்துவம், பெற்றோருக்கான வழிகாட்டல் ஆகியவை இதில் அடங்கும்.

இவற்றுள் எது தலையீடு? அரசியல் தலையீடு, அந்நியத் தலையீடு, அயலவரின் குடும்ப விடயத்தில் தலையீடு என்றே நாம் பேசுகிறோம்; அழையாதவர் நுழைவதும், நுழைந்தவரை விலகச் சொல்வதும் அச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தவை. பிள்ளை இன்னும் பேசவில்லையே என்ற கவலையைச் சுற்றத்தாருக்கும் மறைத்து வைத்திருக்கும் ஒரு தாயிடம், அரசு உங்கள் பிள்ளையில் தலையிடும் என்று எழுதிக் கொடுப்பது எவ்வகை அழைப்பு?

தமிழ்நாட்டார் 'இடையீடு' என்கின்றனர். அங்கே 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்ட மையங்களின் பெயரிலும் அது உண்டு. தூய தமிழ் என்பதற்காகவே அதனைப் பரிந்துரைப்போர் இங்கும் உளர். தூய்மையில் எனக்குக் குறையில்லை, பொருளில்தான் குறை. இடையீடு என்பதற்குத் தடை, இடைமுறிவு என்ற பொருள்களே பழையவை. அகப்பொருள் உரைகளில் காடு இடையிட்டும் நாடு இடையிட்டும் பிரிதல் என வருமிடத்து, இடையிடுவது இருவரைச் சேர்க்கவில்லை, பிரிக்கிறது. இலத்தீனின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துவைத்தால் ஒரு சொல்லின் தசை கிடைக்கலாம், உயிர் கிடைக்காது. சிங்களத்தில் வழங்கும் 'மெதிஹத்வீம'வில் நடுவே நிற்றல் என்ற கருத்தாவது இருக்கிறது. நம்முடைய இரண்டிலும் அதுவுமில்லை.

'ஆரம்பகால' என்பதும் தெளிவற்றது. நோயின் ஆரம்பமா, சிகிச்சையின் ஆரம்பமா? 'முன்கூட்டிய' என்றால் உரிய காலத்துக்கு முன்பே செய்தல் என்றாகும். இச்சேவையோ உரிய காலத்திலேயே நிகழ்வது. 'இளம்பருவ' என்றால் பதின்பருவத்தினர் நினைவுக்கு வருவர். மூளை விரைந்து விருத்தியடையும் முதல் ஆண்டுகள் என்பதே ஆங்கிலத்தின் கருத்து. அதற்கு நம் கல்வித்துறை ஏற்கெனவே வழங்கும் 'முன்பிள்ளைப் பருவம்' இருக்கிறது.

ஆகவே 'முன்பிள்ளைப் பருவத் துணைச்சேவை' என்பதே என் துணிபு. நீளம் என்பர்; 'ஆரம்பகாலத் தலையீட்டுச் சேவை' மட்டும் குறுகியதா? இதே துண்டுப்பிரசுரங்களில் இன்னொரு சொல்லும் திருத்தவேண்டியது: உடலின் வளர்ச்சியையும் ஆற்றல்களின் விருத்தியையும் இலங்கைப் பாடநூல்கள் வேறுபடுத்தியே கற்பித்துவந்தும், மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டையும் 'வளர்ச்சி' என ஒன்றாக்கிவிடுகின்றனர். அதனால் எடையும் உயரமும் சரியாயிருக்கும் பிள்ளைக்கு 'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் பாட்டியார், பிள்ளை நன்றாகத்தானே வளர்கிறது என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார். அவ்விடத்தில் எழுதவேண்டியது 'விருத்தித் தாமதம்'.