சொல் விளக்கம்: ஆல்-டெரெய்ன் டயர்

டயர்க் கடையில் பழைய டயரைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள், “ஏ.டி. போட்டுடலாமா சார்?” என்று. ஏ.டி. என்றால் ஆல்-டெரெய்ன். இதை ‘அனைத்து நிலப்பரப்பு டயர்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். அந்த ‘அனைத்து’தான் பலரைத் தேவையில்லாத டயரை வாங்க வைக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் டயர். உடை, அலங்காரம் என்று பொருள்படும் ‘அட்டயர்’ என்ற ஆங்கிலச் சொல் தலை தேய்ந்து ‘டயர்’ ஆனது. மரச்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் போட்ட இரும்புதான் அந்த உடை. ரப்பரும் காற்றும் பிறகு வந்தவை. காற்றடைத்த டயருக்கு 1845-இல் தாம்சன் காப்புரிமை பெற்றார். 1888-இல் டன்லப் அதைத் தானாகவே மறுபடி கண்டுபிடித்துப் பரவச் செய்தார். நம் மாட்டுவண்டிக்கும் இந்த உடை உண்டு. இரும்புப் பட்டையைச் சிவக்கக் காய்ச்சி, வட்டையின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பும். பட்டை சுருங்கி மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். அதனால் டயருக்கு ‘உருளிப்பட்டை’ என்று வழங்கும் சொல் பொருத்தமானதுதான். ஆனாலும் பேச்சில் டயர் வேரூன்றிவிட்டது. இலங்கையில் அதையே ‘ரயர்’ என்று எழுதுகிறார்கள். நான் டயர் என்றே எழுதுகிறேன்.

டயரின் பக்கச்சுவரில் 255/65 ஆர்18 என்று இருக்கும். அகலம் 255 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். உள்ளே உட்காரும் வளையம் 18 அங்குலம். நடுவில் உள்ள ‘ஆர்’ ரேடியலைக் குறிக்கிறது. லத்தீனில் ‘ரேடியஸ்’ என்றால் ஆரக்கால். டயருக்குள் ஓடும் இழைகள் ஆரக்கால்போல நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நிற்பதால் அந்தப் பெயர். பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியைச் சொல்லும் இடத்தில் சூட்டு, ஆரம், உருளி என்று சக்கரத்தின் உறுப்புகள் வரிசையாக வருகின்றன. ஆரம் என்றால் ஆரக்கால். பள்ளிக் கணக்கில் வட்டத்தின் ஆரம் என்று படித்ததும் அதே சொல்தான். இரு மொழியும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தே வட்டத்துக்குச் சொல் எடுத்திருக்கின்றன. ‘ஆர டயர்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

இனி டெரெய்ன். லத்தீனில் ‘டெர்ரா’ என்றால் மண்; அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. தமிழில் ‘தரை’ போதும். நிலப்பரப்பு என்றால் எத்தனை ஏக்கர் என்று கேட்கத் தோன்றுகிறது. சிக்கல் ‘ஆல்’ என்பதில் இருக்கிறது. 1976-இல் பி.எஃப்.குட்ரிச் ஆல்-டெரெய்ன் என்ற பெயரில் ரேடியல் டயரைக் கொண்டுவந்தது. எந்தத் தரையிலும் சமாளிக்கும் என்பதுதான் பெயரின் கருத்து. எல்லாத் தரையிலும் சிறந்தது என்று அதற்குப் பொருள் கிடையாது. அதனால் ‘பலதரை டயர்’ என்று சொல்லலாம் என்கிறேன். கடையில் எச்.டி. (ஹைவே-டெரெய்ன்) என்பது சாலை டயர், எம்.டி. (மட்-டெரெய்ன்) என்பது சேற்று டயர். பைக்குக்கு ஊரில் ‘பட்டன் டயர்’ என்பார்களே, அதன் பெரிய அண்ணன்தான் இந்தச் சேற்று டயர்.

பலதரை டயரைக் கையால் தடவிப் பாருங்கள். கட்டை கட்டையாக ரப்பர், நடுவே விரல் நுழையும் பள்ளம். மண்ணையும் சரளையையும் கவ்வ அந்தப் பள்ளம் வேண்டும். தார்ச்சாலையில் அதே பள்ளத்தில் காற்று சிக்கி, அமுங்கி, வெளியேறும். எண்பதில் போகும்போது வண்டுபோல் ஒரு ரீங்காரம் கேட்கும். தரையைத் தொடும் ரப்பர் குறைவு, கட்டைகள் வளைந்துகொடுக்கும். ஆகவே ஈரச் சாலையில் பிரேக் போட்டால் வண்டி சற்றுத் தள்ளித்தான் நிற்கும். எடையும் கூடுதல், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். சேற்று டயரில் இவை எல்லாமே இன்னும் அதிகம்.

மலைக்குப் போகிறேன், அதற்காகத்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40. அத்தனையும் தார் ரோடு. மழையில் நனைந்த அந்த வளைவுகளில் நல்ல சாலை டயரைத்தான் நான் நம்புவேன். நான்கு சக்கர இழுவையும் லோ கியரும் உள்ள மாருதி ஜிம்னியே 195/80 ஆர்15 அளவில் எச்.டி. டயரோடுதான் இங்கே விற்பனைக்கு வந்தது.

இன்னொரு சொல்லும் இங்கே குழப்பும். அமெரிக்க டயர் விமர்சனங்களில் ‘பேவ்மென்ட்’ என்று வந்தால் அது நம் பிளாட்பாரம் இல்லை, தார் அல்லது கான்கிரீட் போட்ட சாலை. அடித்துக் கெட்டிப்படுத்திய தரை என்பது அதன் லத்தீன் மூலப்பொருள்.

சரி, பலதரை டயர் யாருக்கு? வாரம் தவறாமல் சரளைப் பாதையில் எஸ்டேட்டுக்கோ குவாரிக்கோ போகிறவருக்கு. கூர்க்கல் பக்கச்சுவரைக் கிழிக்கும் இடத்தில் அதன் தடித்த சுவர் காசுக்குத் தகும். அவர்களும் பள்ளம் குறைந்த, கட்டைகள் நெருங்கிய ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட வேண்டும். இல்லையென்றால் கட்டைகள் ஒரு பக்கமாகத் தேய்ந்து சத்தம் இரட்டிப்பாகும்.

தரை என்று ஒரே சொல்லில் சொன்னாலும் நம்மிடம் கரிசல், செம்மண், சரளை, களர், தேரி என்று எத்தனை பெயர்கள்! தூத்துக்குடிப் பக்கத்துத் தேரி மணலில் பள்ளத்தைவிட முக்கியம், காற்றைக் குறைத்து டயரை அகலப்படுத்துவது. கரிசல் வேறு கதை. கோவில்பட்டிப் பக்கம் என் நண்பருக்குத் தோட்டம் இருக்கிறது. ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு நாற்கரச் சாலை. கடைசி இரண்டு கிலோமீட்டர் கரிசல் தடம். ஏ.டி. போட்டுப் பார்த்தார். ஐப்பசி மழையில் நாலு சுற்று உருள்வதற்குள் பள்ளமெல்லாம் மண் அப்பி, மொட்டை டயர் மாதிரி வழுக்கியது. தேய்ந்ததும் சாலை டயருக்கே திரும்பிவிட்டார். இப்போது மழை மாதங்களில் காரைத் தார் ரோட்டு ஓரத்தில் நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போகிறார்.