பேட்டரி ஆராய்ச்சிக்குப் போகிறீர்களா? முதலில் சானல்களை எண்ணுங்கள்

மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "சார், எனர்ஜி மெட்டீரியல்ஸில் எம்.டெக் பண்ணலாமா, எந்த காலேஜ் நல்லது?" எம்.டெக் சேர எழுதும் கேட் தேர்வின் எக்ஸ்.ஈ. (பொறியியல் அறிவியல்) தாளில் மெட்டீரியல்ஸ் சயின்ஸ் பிரிவு இருக்கிறது, எம்.எஸ்ஸி. முடித்தவர்கள் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான நெட்-ஜே.ஆர்.எஃப். தேர்வு எழுதி பி.எச்டி.க்குப் போகலாம் (உதவித்தொகை 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய், எம்.டெக்குக்கு 12,400தான்). இதெல்லாம் தேடினால் கிடைக்கும். நான் சொல்ல வந்தது வேறு. காலேஜ் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், லேப்பைப் பார்த்துச் சேருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. நாம் செய்த பேட்டரி செல்லை மெதுவாகச் சோதித்தால் சார்ஜ் ஏற 10 மணி நேரம், இறங்க 10 மணி நேரம்; ஒரு முறை ஏறி இறங்கினால் அது ஒரு சைக்கிள். 100 சைக்கிளுக்கு 2,000 மணி நேரம், அதாவது 83 நாள். அத்தனை நாளும் சோதனைக் கருவியில் ஒரு சானலை, அதாவது ஒரு நேரத்தில் ஒரு செல்லை மட்டும் மாட்டக்கூடிய இணைப்பை, அந்த ஒற்றைச் செல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இருப்பதே 8 சானல், வரிசையில் ஆறு மாணவர்கள், ஒவ்வொரு முடிவையும் உறுதி செய்ய மூன்று செல்லாவது வேண்டும் என்றால், ஒரு வருட பிராஜெக்டில் உங்கள் பங்குக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

காற்றுப் படாமல் செல்லைக் கோக்க, ஆர்கான் வாயு நிரப்பி, கையுறை வழியே கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டிதான் குளோவ்பாக்ஸ். அது இருக்கிறதா என்றால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். ஓடுகிறதா என்று கேளுங்கள். உள்ளே ஈரமும் ஆக்சிஜனும் 1 பி.பி.எம்முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே நிற்க வேண்டும். ஆர்கான் சிலிண்டருக்கு பில் பாஸாகக் காத்திருக்கும் லேப்பில் நீங்களும் காத்திருக்க வேண்டியதுதான். செல்லுக்குள் ஊற்றும் திரவமான எலக்ட்ரோலைட்டில் வழக்கமாகப் போடும் லித்தியம் உப்பில் ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு என்ற நச்சு வாயு கிளம்பும் என்பதையும், அது விளையாட்டுச் சரக்கு இல்லை என்பதையும் சேரும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஐ.ஐ.டி.தான் வேண்டும் என்றில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1953இல் திறந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்), காரைக்குடியில் முழுக்க முழுக்க மின்வேதியியலுக்காகவே இருக்கிறது. நம் பிள்ளைகள் பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை, ஏனோ.

அப்புறம் என் கதை. பி.எச்டி. இரண்டாம் வருடம், லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் கிராமுக்கு 181 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவு வந்துவிட்டது என்று லேப் முழுக்க டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். கைடு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, தியரிப்படியே அதிகபட்சம் 170தானே?" என்றார். விஷயம் இதுதான்: லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை அலுமினிய ஃபாயிலில் பூசி வட்டாக வெட்டி, மொத்த எடையிலிருந்து ஃபாயில் எடையைக் கழித்துத்தான் பூச்சின் எடையைக் கண்டுபிடிப்போம். 12 மி.மீ. அலுமினிய வட்டு சுமார் 4.6 மில்லிகிராம், அதன் மேல் பூச்சு 2.3தான். புது ஃபாயில் சுருள் பழையதைவிட ஒரே ஒரு மைக்ரான் மெலிசு, அதாவது வட்டுக்கு 0.3 மில்லிகிராம் குறைவு. நானோ பழைய எடையையே கழித்துக்கொண்டிருந்தேன். பூச்சு 2.0 என்று கணக்கில் போக, 157ஆக இருந்தது 181ஆகிவிட்டது. மூன்று மாத டேட்டாவைத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

இப்போது நேர்காணலில் யாராவது பளபளப்பான வரைபடத்தை நீட்டினால், நான் கேட்கும் முதல் கேள்வி ஃபாயில் எடை எவ்வளவு என்பதுதான். "நோட்டைப் பார்த்துச் சொல்கிறேன் சார்" என்று பையைத் திறக்கிற ஆளை எனக்கு உடனே பிடித்துப்போகும்.