ஒரு சர்வரைக் கூட்டினால் எவ்வளவு தரவு இடம் மாறும்?

"தொழில் வளர வளர சர்வர்களைக் கூட்டிக்கொண்டே போகலாமே, மென்பொருளை எதற்கு முன்கூட்டியே அதற்காக வடிவமைக்க வேண்டும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கூட்டலாம். ஆனால் கூட்டுகிற அன்றைக்குத்தான் சிக்கலே.

வாடிக்கையாளர் விவரங்கள் ஒரு சர்வரில் கொள்ளவில்லை, நான்கில் பிரித்து வைக்கிறோம். யாருடைய விவரம் எதில்? வாடிக்கையாளர் எண்ணை 4-ஆல் வகுத்து, வரும் மீதியைப் பார்த்தால் போதும். பள்ளிக் கணக்குதான்.

சரி, ஐந்தாவது சர்வர் வருகிறது. இனி 5-ஆல் வகுக்க வேண்டும். 0 முதல் 19 வரை எழுதிப் பாருங்கள். இரண்டு வகுத்தலிலும் ஒரே மீதி தருபவை 0, 1, 2, 3 மட்டுமே. மற்ற 16 எண்களும் இடம் மாறுகின்றன. அதாவது 80 சதவீதத் தரவு! பாரம் தாங்காமல் சேர்த்த சர்வரே பெரும்பாரத்தைக் கொண்டுவருகிறது.

இதற்கு எம்.ஐ.டி.யின் டேவிட் கார்கரும் சக ஆய்வாளர்களும் 1997-இல் தந்த விடை, கன்சிஸ்டன்ட் ஹாஷிங். எனக்கு அலுக்கவே அலுக்காத யோசனை இது. கடிகாரம் போல ஒரு வட்டம். ஹாஷ் கணக்கு, அதாவது எந்தப் பெயரையும் தாறுமாறாகத் தோன்றும், ஆனால் எப்போதும் மாறாத ஓர் எண்ணாக்கும் சூத்திரம், ஒவ்வொரு சர்வரையும் அதில் ஒரு புள்ளியில் உட்காரவைக்கிறது, ஒவ்வொரு தரவையும் அப்படியே. தரவு தன் இடத்திலிருந்து கடிகாரச் சுற்றில் போய், முதலில் எதிர்ப்படும் சர்வரில் தங்கும். புதிய சர்வர் நடுவில் வந்து உட்கார்ந்தால், அதற்கு முந்தைய சர்வர் வரையுள்ள வில்லில் இருப்பவை மட்டும் அதனிடம் வரும். மற்றவை அசையாது. சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் நகர்கிறது. புதியவருக்குச் சமபங்கு தர அதுவாவது நகர்ந்தே ஆகவேண்டும்!

ஒரு குறை உண்டு. புள்ளிகள் சீராக விழாது. ஒரு சர்வருக்கு நீண்ட வில், இன்னொன்றுக்குத் துண்டு. அதனால் ஒவ்வொரு சர்வரையும் வட்டத்தில் நூறு, இருநூறு இடங்களில் உட்காரவைக்கிறார்கள். வில்கள் சிறிதாகி, பங்கு ஏறக்குறைய சமமாகிவிடும். அப்புறம் ஒரு சர்வர் செயலிழந்தாலும் அதன் சுமை முழுவதும் ஒரே பக்கத்து சர்வரின் தலையில் விழாமல் எல்லோருக்கும் சிதறிப் போகும்.

கோட்பாட்டுக் கணினியியல் மாநாடு ஒன்றில் வந்த கட்டுரை இது. அதை எழுதியவர்களில் இருவரான டாம் லெய்டனும் டேனியல் லெவினும் மறுவருடமே, இணையதளங்களைப் பயனர்களிடம் வேகமாகக் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அமேசான் 2007-இல் விவரித்த டைனமோ தரவுத்தளமும் இதே வட்டத்தில்தான் இயங்கியது. அடிப்படை ஆய்வுக்கு நிதி கேட்டால் "உடனே என்ன பயன்?" என்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறிய தொழிலுக்கு முதல் நாளே இந்த வட்டம் வேண்டாம். ஒரு சர்வர் தாராளமாகப் போதும். ஆனால் "இந்த விவரம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு நிரல் முழுக்க ஒரே ஒரு ஃபங்ஷன் (ஒரு வேலையை மட்டும் செய்யும் நிரல் துண்டு) மட்டும் பதில் சொல்லட்டும். பிறகு வட்டத்துக்கு மாறும்போது நிரலில் திருத்த வேண்டிய இடம் அது ஒன்றுதான்.