சொல் விளக்கம்: மக்னீசியம் – வெளிமம்

ஓமலூர் போகும் ரயிலில் சேலம் சந்திப்பைத் தாண்டியதும் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்ற பெயர்ப்பலகை வரும். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதைக் காட்டி, “சார், இங்கே மேக்னெட் கிடைக்குமா?” என்று என்னிடம் கேட்டாள். கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. அந்த ஊர் மண்ணில் இருப்பது காந்தக்கல் அல்ல என்பது உண்மை. ஆனால் மேக்னசைட், மேக்னெட் என்ற இரண்டு சொற்களும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்பதை அவள் காது சரியாகப் பிடித்துவிட்டது. மக்னீசியம் என்ற சொல்லைச் சொல்லித்தர அதைவிட நல்ல தொடக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

கிரேக்க நாட்டில் தெசலி என்றொரு பகுதி. அதன் கிழக்கு ஓரத்தில் கடலை ஒட்டி இருக்கும் வட்டாரத்துக்கு மக்னீசியா என்று பெயர். அதே பெயரில் ஆசியா மைனரிலும் பழைய ஊர்கள் இருந்தன. இரும்பை இழுக்கும் கல்லைக் கிரேக்கர்கள் ‘மக்னீசியக் கல்’ என்று அழைத்தார்கள். மேக்னெட் என்ற சொல் அதிலிருந்து வந்தது. நாம் சொல்லும் காந்தம் வேறு வழியில் வந்தது. வடமொழியில் ‘அயஸ்காந்தம்’ என்றால் இரும்புக்குப் பிரியமானது என்று பொருள். அதில் பின்பாதி மட்டும் தமிழில் நிலைத்துவிட்டது. அவர்கள் கல்லுக்கு ஊரின் பெயரை வைத்தார்கள், இந்தப் பக்கம் கல்லின் குணத்தைப் பெயராக வைத்தார்கள். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பின்னாளில் ஐரோப்பிய ரசவாதிகளும் மருந்து செய்பவர்களும் இந்த ஊர்ப்பெயரைக் கண்ட கல்லுக்கும் மண்ணுக்கும் சூட்டினார்கள். வயிற்றுக்கு மருந்தாகக் கொடுத்த வெள்ளைப் பொடி ‘வெள்ளை மக்னீசியா’ ஆனது. கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்கக் கண்ணாடிக்காரர்கள் சேர்த்த கறுப்புப் பொடி ‘கறுப்பு மக்னீசியா’ ஆனது. இரண்டுக்கும் பெயரைத் தவிர வேறு உறவு இல்லை. கறுப்புப் பொடியிலிருந்து 1774-இல் ஸ்வீடன் நாட்டு யோஹான் கான் ஓர் உலோகத்தைப் பிரித்தார். அதுதான் இன்றைய மாங்கனீசு. வெள்ளைப் பொடியைச் சுண்ணாம்பின் ஒரு வகை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். அது வேறு பொருள் என்று 1755-இல் நிறுவியவர் ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக். 1808-இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்தி அதிலிருந்து உலோகத்தைப் பிரித்தபோது, முதலில் அதற்கு ‘மேக்னியம்’ என்றுதான் பெயரிட்டார். மக்னீசியம் என்ற பெயரை அப்போது மாங்கனீசுக்கும் வழங்கிக்கொண்டிருந்ததே காரணம். அந்தக் குழப்பம் தீர்ந்த பிறகு மக்னீசியம் இந்த உலோகத்துக்கு உரிய பெயராக நிலைத்தது. ஆனாலும் அதன் தழும்பு இன்றும் இருக்கிறது: ஒன்றின் குறியீடு ‘எம்’, ‘ஜி’, மற்றதன் குறியீடு ‘எம்’, ‘என்’. தேர்வுத்தாளில் பிள்ளைகள் இவ்விரண்டையும் மாற்றி எழுதுவதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அவர்கள் தடுக்கி விழும் இடம் இருநூறு ஆண்டுப் பழமை உடையது.

அந்த மாணவி தேடிய காந்தக்கல் சேலத்தின் வேறொரு பக்கம் இருக்கிறது. தென்மேற்கே கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவுக்கு மேக்னடைட் என்று பெயர். காந்தத்தைத் தாளில் சுற்றி அதன் பொடியின் மேல் நகர்த்தினால், கறுப்பு மணிகள் எழுந்து மீசை மயிர்போலக் குத்திட்டு நிற்கும். அது இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்தது. மேக்னசைட்டில் இருப்பதோ மக்னீசியம், கார்பன், ஆக்சிஜன். ஒரே கிரேக்க ஊரின் பெயரைத் தாங்கிய இரண்டு கற்கள் ஒரே நகரத்தின் இரு பக்கங்களிலும் கிடைக்கின்றன. சேலத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிக்க இதைவிட வசதியான நிலம் எங்கே இருக்கிறது?

இனி மேக்னசைட் என்ற அந்த வெள்ளைக்கல்லைக் கையில் எடுப்போம். நகரமலை அடிவாரத்தை ஒட்டிய குவாரிகளில் பழுப்பும் பச்சையும் கலந்த கரும்பாறைக்குள் வெள்ளை நரம்புகள் வலைபோல ஓடும். அந்தத் தாய்ப்பாறையிலேயே மக்னீசியம் நிறைய உண்டு. கரியமில வாயு கரைந்த நீர் பாறையின் பிளவுகளில் ஊறி, அந்த மக்னீசியத்தைக் கார்பனேட்டாக மாற்றிப் படியவைத்ததுதான் இந்த நரம்பு. உடைத்த முகம் மங்கலான வெண்மையாக, பீங்கான் சில்லைப் போல இருக்கும்.

இந்தக் கல் ஒரு சேர்மம். சேர்ந்து உண்டானதால் சேர்மம். அதற்குள் இருக்கும் மக்னீசியம் ஒரு தனிமம், தனித்து நிற்பது. எந்த அணுவின் கருவில் 12 புரோட்டான்கள் இருக்கின்றனவோ அந்த அணு மக்னீசியம், அவ்வளவுதான் இலக்கணம். பாடநூல் தந்த சொற்களில் இவ்விரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. இலங்கைத் தமிழர் தனிமத்தை மூலகம் என்றும் சேர்மத்தை சேர்வை என்றும் எழுதுகிறார்கள். அவையும் நல்ல சொற்களே.

கல்லைச் சூளையில் இட்டுச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். கணக்கு எளிது: 84 கிலோ தூய மேக்னசைட்டில் 44 கிலோ வாயுவாகப் போய்விடும், 40 கிலோ மக்னீசியம் ஆக்சைடு மிஞ்சும். ஏற்றிய சுமையில் பாதிக்கும் மேலே காற்றோடு போகிறது. மிஞ்சுவது ஏறத்தாழ 2,850 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. எஃகு உலைகளின் உட்சுவருக்குச் செங்கல் செய்ய இதைத் தேடுவது அதனால்தான். இப்போது பள்ளி ஆய்வகத்துக்கு வாருங்கள். மக்னீசியம் நாடாவை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் கண் கூசும் வெள்ளொளி எழும். நேராகப் பார்க்கக் கூடாது. எரிந்து விழும் வெள்ளைச் சாம்பலும் அதே மக்னீசியம் ஆக்சைடுதான். அங்கே 84 குறைந்து 40 ஆனது, இங்கே 24 கிராம் நாடா 16 கிராம் ஆக்சிஜனைப் பிடித்து 40 கிராம் ஆகிறது. சாம்பல் எரிந்த பொருளைவிடக் கனமாக இருக்கும் என்பதைப் பிள்ளைகள் முதலில் நம்ப மாட்டார்கள். தராசில் நிறுத்துக் காட்டுங்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்தக் குன்றுகளுக்கு ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயரிட்டார்கள், அதாவது சீமைச்சுண்ணாம்புக் குன்றுகள். கண்ணுக்கு அப்படித்தான் தெரியும், ஆனால் பெயர் தவறு. சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டும் நம் வெள்ளைக்கல் ஒரு துண்டும் எடுத்து, இரண்டின் மேலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுங்கள். சுண்ணாம்புக்கல் உடனே ‘சொர்’ரென்று நுரைக்கும். வெள்ளைக்கல் ஏறக்குறைய சும்மா கிடக்கும். அதைப் பொடித்துச் சோதனைக் குழாயில் இட்டு அமிலத்தோடு சற்றுச் சூடாக்கினால்தான் குமிழி கிளம்பும். சுட்ட பின்பும் இந்த வேறுபாடு போகாது. சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போவதை நம் பாட்டிமார் அறிவார்கள். சுட்ட வெள்ளைக்கல் நீரை மெல்ல மெல்லத்தான் ஏற்கும்.

இரண்டு கற்களிலும் உள்ள உலோகங்களை ஒப்பிடுவோம். தனிம வரிசை அட்டவணையில் கால்சியம் மக்னீசியத்துக்கு நேர் கீழே இருக்கிறது. இரண்டும் ஒரே தொகுதி, இரண்டுக்கும் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். அதனால்தான் குணமும் நிறமும் இவ்வளவு ஒத்திருக்கின்றன, ஐரோப்பியர் அவ்வளவு காலம் ஏமாந்ததும் அதனால்தான். ஆனால் கால்சியத்துக்கு ஒரு கூடு அதிகம். வெளி எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளி இருப்பதால் எளிதில் கழன்றுவிடும். ஒரு மோல் (வேதியியலில் அணுக்களை எண்ணும் அளவு) அணுக்களிலிருந்து முதல் எலக்ட்ரானைக் கழற்ற மக்னீசியத்துக்கு 738 கிலோஜூல் வேண்டும், கால்சியத்துக்கு 590 போதும். கால்சியம் உலோகம் குளிர்ந்த நீரிலேயே குமிழிவிடும், மக்னீசியம் நாடா அதே நீரில் அசையாது. தொகுதியில் கீழே போகப் போக வினைத்திறன் கூடும் என்ற வரியை மனப்பாடம் செய்வதைவிட, இரண்டு உலோகங்களையும் ஒருமுறை நீரில் இட்டுப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பது நல்லது.

அட்டவணையில் மக்னீசியத்துக்கு வலப்பக்கம் 13-ஆம் எண்ணில் அலுமினியம். அதன் தாதுவான பாக்சைட் ஏற்காட்டில், சேர்வராயன் மலை மேட்டில் இருக்கிறது. அடிவாரத்தில் 12, மலைமேல் 13! ஒரே தொடரில் வலப்பக்கம் போகப் போக அணு சுருங்கும். இங்கும் அலுமினியம் சற்றுச் சிறியதே.

இனித் தமிழ்ச்சொல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மெக்னீசியம் என்றும், பிற நூல்களில் மக்னீசியம் என்றும், இலங்கையில் மகனீசியம் என்றும் எழுதுகிறார்கள். தனித்தமிழ் ஆர்வலர் வழங்கும் சொல் வெளிமம். நான் இதை வெள் என்ற அடியோடு சேர்த்தே படிக்கிறேன். வெள்ளைக்கல், வெள்ளொளி, வெள்ளைச் சாம்பல் என்று மூன்று இடத்திலும் அது பொருந்துகிறது. ஈற்றில் உள்ள ‘மம்’ தனிமம், சேர்மம், கரிமம் ஆகியவற்றோடு ஒத்து ஒலிக்கிறது. தொலைதூர ஊரின் பெயரை விட்டுப் பொருளின் குணத்தைப் பிடித்த பெயர் இது, காந்தத்தைப் போலவே. ஆகவே சரியான தமிழ் இணை எது என்று கேட்டால், வெளிமம் என்றே சொல்வேன். மேக்னசைட்டை வெளிமக் கார்பனேட்டு என்று எழுதலாம். பேச்சுக்கு வெள்ளைக்கல் என்ற நம் சொல்லே போதும். அதே சமயம், குறியீடும் உலகப் பெயரும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் என்பதால் முதல் முறை மக்னீசியம் என்று எழுதி, அருகில் வெளிமம் என்று குறிப்பதே என் வழக்கம்.

சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில், முதிர்ந்த இலைகளின் நரம்பு பச்சையாகவே இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவதைக் கண்டால் வெளிமக் குறைவு என்று ஐயப்படுவார்கள். பச்சைய மூலக்கூறு ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெளிம அணு உட்கார்ந்திருக்கிறது. அது கிடைக்காவிட்டால் பச்சை இல்லை. அதற்குத் தெளிக்கும் உப்பை உரக்கடையில் மெக்னீசியம் சல்பேட் என்று கேட்க வேண்டும். மருந்துக்கடையில் அதுவே எப்சம் சால்ட், நாட்டு மருந்துக் கடையில் பேதியுப்பு.