‘கடனை அடைத்தான்’ என்று கேட்டதும் மூளை என்ன செய்கிறது?

கடனைத் திருப்பித் தருவதைச் சொல்லத் தமிழில் இத்தனை வினைச்சொற்கள் இருந்தும் மனம் எப்படித் தடுமாறாமல் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அடைத்தான், தீர்த்தான், கட்டினான், செலுத்தினான், திருப்பிக் கொடுத்தான் என எல்லாவற்றையும் அகராதி ஒரே வரியில் எழுதிவிடும். பேசுகிறவர்கள் அவற்றை அப்படிப் புழங்குவதில்லை. தவணையைக் கட்டுகிறோம், கடைசித் தவணையோடு கடனை அடைக்கிறோம். நண்பரிடம் வாங்கிய கைமாற்றைத் திருப்பிக் கொடுக்கிறோம். அவரிடமே போய் ‘செலுத்துகிறேன்’ என்றால் அவர் நம்மை வியப்போடு பார்ப்பார். நன்றிக்கடனும் தீரும், பழியும் தீரும்.

இவற்றில் ‘அடைத்தல்’ சுமக்கும் வேலைதான் மிக அதிகம். கதவை அடைக்கலாம், ஓட்டையை அடைக்கலாம், பஞ்சை மெத்தையில் அடைக்கலாம், கைதியைச் சிறையில் அடைக்கலாம். இத்தனைக்கும் நடுவில் ‘கடனை அடைத்தான்’ என்று கேட்டவுடன், நமக்குத் துளியும் ஐயம் வருவதில்லை. அந்த ஐயமின்மைக்குப் பின்னால் நடக்கும் வேலைதான் வியப்புக்குரியது.

பேச்சு ஒலி ஒன்றன்பின் ஒன்றாகவே காதில் விழுகிறது. ‘அடை’ என்பது வரை கேட்ட நொடியில் அடையாளம், அடைக்கலம், அடைமழை, அடைந்தான், அடைத்தான் எல்லாமே போட்டியில் இருக்கின்றன. அடுத்த ஒலி வந்ததும் பொருந்தாதவை விலகுகின்றன. வில்லியம் மார்ஸ்லென்-வில்சன் என்ற உளமொழியியலாளர் முன்வைத்த விளக்கம் இது. சொல் இன்னதென்று இப்படித் தெரிந்துவிடும். அதன் பல பொருள்களில் எது வேண்டும் என்பது வேறு கேள்வி.

முன்னால் வந்த ‘கடனை’ என்ற சொல்லே மற்ற பொருள்களைத் தடுத்துவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். 1979இல் டேவிட் ஸ்வின்னி என்ற ஆய்வாளர் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தை அசைத்தது. ‘பக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பூச்சி என்றும் ஒட்டுக்கேட்கும் கருவி என்றும் இரு பொருள்கள் உண்டு. அறையின் மூலையில் சிலந்திகளும் கரப்பான்பூச்சிகளும் பிற ‘பக்’குகளும் இருந்தன என்ற வாக்கியத்தை அவர் ஒலிக்கவிட்டார். பூச்சி என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. அந்தச் சொல் ஒலித்து முடிந்த கணத்தில் திரையில் வேறொரு சொல் தோன்றும். அது உண்மையான சொல்தானா என்று கேட்பவர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தொடர்பற்ற ‘தையல்’ என்ற சொல்லைவிட ‘எறும்பு’ என்பதற்கு விரைவாகப் பதில் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ‘உளவாளி’ என்பதற்கும் அதே போல விரைவாகப் பதில் வந்தது! தேவையே இல்லாத பொருளும் மனத்துக்குள் விழித்திருந்தது. திரையில் சொல்லை மூன்று அசைகள் தாமதித்துக் காட்டியபோது ‘எறும்பு’க்கு மட்டுமே அந்த விரைவு எஞ்சியிருந்தது.

அதாவது மூளை முதலில் எல்லாப் பொருள்களையும் எழுப்பிவிட்டுப் பிறகு வேண்டாதவற்றைக் கைவிடுகிறது. கேட்பவருக்கு இது தெரியவே தெரியாது. பின்னர் வந்த ஆய்வுகள் இதைக் கொஞ்சம் திருத்தின: அடிக்கடி புழங்கும் பொருள் முந்திக்கொள்ளும், சூழலும் அந்த வரிசையை மாற்றும். என்றாலும் அந்த முதல் சோதனையின் எளிமையை நான் இன்றும் ரசிக்கிறேன். மூளையைப் படம்பிடிக்கும் கருவி எதுவுமின்றி, பொத்தானை அழுத்தும் நேரத்தை மட்டும் வைத்து, நமக்கே எட்டாத நம் எண்ணத்தை அவர் அளந்துவிட்டார்.

எழுகிற பொருள்கள் எல்லாம் ஒரே தன்மையுடையவை அல்ல. ‘மாலை’ பொழுதையும் குறிக்கும், பூத்தொடையலையும் குறிக்கும், இரண்டுக்கும் உறவில்லை. ‘அடைத்தல்’ அப்படியல்ல. கதவு, ஓட்டை, கடன் மூன்றிலும் திறந்து கிடந்த ஒன்று மூடப்படுகிறது. 2002இல் ஜெனிஃபர் ராட் குழுவினர் ஆங்கிலச் சொற்களில் இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். உறவற்ற பொருள்கள் கொண்ட சொற்களை அடையாளம் காண நேரம் கூடுதலாகப் பிடித்தது. உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொற்களை அடையாளம் காண்பது எளிதாக இருந்தது. ஒரு சொல்லின் கிளைப்பொருள்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இனி, ஒரே பொருளைத் தரும் பல சொற்கள். வாக்கியத்துக்குப் பொருந்தாத சொல்லைப் படித்ததும் ஏறத்தாழ 400 மில்லி நொடியில் மூளையின் மின் அலையில் ஓர் இறக்கம் தெரியும் என்று மார்த்தா கூட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல் காட்டினார்கள். கூட்டாஸும் காரா ஃபெடர்மையரும் 1999இல் இன்னொன்றைக் கண்டார்கள்: எதிர்பார்த்த சொல்லுக்குப் பதிலாக அதன் இனத்தைச் சேர்ந்த சொல் வந்தால், வாக்கியத்துக்கு அது பொருந்தாவிட்டாலும், அந்த இறக்கம் குறைகிறது. வரப்போகும் சொல்லுக்கு மூளை முன்பே ஆயத்தமாகும்போது அதன் உறவுச்சொற்களும் பாதி விழித்துக்கொள்கின்றன. ‘வாங்கிய கடனை வட்டியோடு...’ என்று நிறுத்தினால் அடைத்தானும் தீர்த்தானும் கட்டினானும் வாசலுக்கு வந்துவிடும், ‘நனைத்தான்’ வராது.

இந்தச் சோதனைகளில் மிகப் பல ஆங்கிலத்தில் நடந்தவை. ஆங்கிலத்தில் வினை வந்த பிறகே பெரும்பாலும் செயப்படுபொருள் வரும். தமிழில் ‘கடனை’ என்று இரண்டாம் வேற்றுமை உருபோடு பெயர் முதலில் வந்து, வினைக்காகக் காத்திருக்கும். இதே அமைப்புள்ள ஜப்பானிய மொழியில், வினை வருவதற்கு முன்பே, பெயர்களையும் அவற்றின் வேற்றுமை உருபுகளையும் கேட்டே, அடுத்து வரப்போகும் பொருளின் படத்தை நோக்கிக் கேட்பவரின் கண்கள் நகர்வதை யூகி காமிடேயும் ஜெரி ஆல்ட்மனும் 2003இல் காட்டினார்கள். தமிழுக்கும் இத்தகைய ஆய்வுகள் நிறைய வேண்டும். மொழியின் பெருமையைப் பேசும் விழாக்களுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மூளையின் மின் அலைகளை அளக்கும் கருவிகளுக்கும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கும் தரலாம் என்பது என் உறுதியான கருத்து. ‘கடனை’ என்று கேட்டபின் வரும் ‘அடைத்தான்’ ஒரு கணமாவது ‘கதவை’ எழுப்புகிறதா என்பதை அவர்கள் அளந்து சொல்லட்டும்.