துருப்புச் சீட்டு குறி சொல்லத் தொடங்கிய கதை

சீட்டாடத் தெரிந்தவர்களுக்குத் துருப்பு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கையில் ராஜாவும் ராணியும் வரிசைகட்டி நின்றாலும், எதிரே இருப்பவர் ஒரு சிறிய துருப்பை இறக்கி வெட்டிவிட்டால் அந்தச் சுற்று அவருக்குப் போய்விடும். இலங்கையில் இதைத் துரும்பு என்பார்கள். ஆங்கிலத்தின் 'டிரம்ப்' என்ற சொல்லுக்கு வேர், 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஒரு வகைச் சீட்டுகளுக்கு வழங்கிய 'டிரியோன்ஃபி', அதாவது 'வெற்றிகள்', என்ற பெயராகும். ஐரோப்பியர் வழியாக நம் சீட்டாட்டத்துக்கு வந்த துருப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இன்று மங்கலான விளக்கொளியில் பட்டுத்துணியின் மேல் பரப்பப்பட்டு, கல்யாணம் கூடுமா, வேலை கிடைக்குமா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் டாரட் சீட்டுகள் பிறந்தபோது செய்த ஒரே வேலை, இப்படி வெட்டி ஆட்டத்தை வெல்வது மட்டுமே.

சீட்டுக்கட்டு ஐரோப்பாவில் தோன்றிய பொருளன்று. எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் நாட்டில் கிண்ணம், நாணயம், வாள், போலோ விளையாட்டின் கோல் ஆகிய நான்கு சின்னங்கள் கொண்ட சீட்டுகள் புழக்கத்தில் இருந்தன. அத்தகைய கட்டு ஒன்று இஸ்தான்புல்லின் தோப்காபி அரண்மனையில் இன்றும் உள்ளது. 1370களில் இந்தச் சீட்டுகள் ஐரோப்பாவுக்குள் நுழைந்தன என்பதும், நுழைந்த வேகத்திலேயே சூதாட்டமாகப் பரவின என்பதும் 1377இல் ஃபுளோரன்ஸ் நகரம் அவற்றின்மேல் விதித்த தடையிலிருந்து தெரிகிறது. அந்தத் தடையில் ஆட்டத்தின் பெயர் 'நாயிபே' என்று வருகிறது. மம்லூக் கட்டில் அரசனுக்கு அடுத்த சீட்டு 'நாயிப்', அதாவது அரசனின் பிரதிநிதி. அந்த அரபுச் சொல்லின் பன்மையிலிருந்து பிறந்ததுதான் ஆற்காட்டில் நமக்குப் பழகிப்போன 'நவாப்'. போலோ என்றால் என்னவென்று தெரியாத ஐரோப்பியர் கோலைத் தடியாக மாற்றிக்கொண்டார்கள். வாள் அப்படியே நின்றது. இத்தாலியில் வாளுக்கு 'ஸ்பாதா' என்று பெயர், நாம் இஸ்பேடு என்று சொல்லும்போது நம்மை அறியாமல் அந்த வாளைத்தான் சொல்கிறோம்.

இந்தச் சாதாரணக் கட்டின்மேல் 1440 அளவில் வட இத்தாலியில் யாரோ ஒருவர் செய்த சேர்க்கையே டாரட். நான்கு சின்னங்களுக்கு 14 வீதம் 56 சீட்டுகளோடு, எந்தச் சின்னத்தையும் சேராத 21 படத் துருப்புகளும் 'கோமாளி' என்ற தனிச்சீட்டு ஒன்றும் சேர, மொத்தம் 78 ஆயிற்று. மிலானின் விஸ்கோந்தி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தங்கத்தகடு பதித்துத் தீட்டப்பட்ட புகழ்பெற்ற கட்டில் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன: நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 35, பெர்காமோ நகரின் கர்ராரா கலைக்கூடத்தில் 26, கொல்லியோனி குடும்பத்திடம் 13. பேரரசர், போப்பாண்டவர், காதல், அதிர்ஷ்டச் சக்கரம், மரணம், சூரியன், உலகம் என்று அவற்றில் வரும் படங்கள் அக்காலத்து இத்தாலியர் திருவிழா ஊர்வலங்களிலும் தேவாலயச் சுவர்களிலும் அன்றாடம் கண்டவை. நம் ஊரில் யாராவது தசாவதாரத்தைச் சீட்டில் அச்சிட்டால் அதை யாரும் மறைபொருளாகக் கருதமாட்டார்கள். அது போலத்தான் இதுவும்.

அடுத்த 300 ஆண்டுகளுக்கு மேலாக டாரட் ஓர் ஆட்டமாகவே இத்தாலியிலும் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டின் தத்துவப் பேராசிரியர் மைக்கேல் டம்மெட், மொழித்தத்துவத்தில் பெரும்பெயர் பெற்றவர், ஓய்வு நேரப் பணியாகத் தொடங்கி 1980இல் வெளியிட்ட பெருநூலில் இந்த ஆட்டங்களின் வரலாற்றை ஆவணங்களோடு நிறுவினார். குறி சொல்லும் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று போலோன்யா நகரத்துக் காகிதம். 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த அதில் 35 சீட்டுகளின் பெயரும் எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பொருளும் எழுதப்பட்டிருக்கின்றன. அது உள்ளூர் வழக்கமாகவே நின்றுவிட்டது.

திருப்பம் 1781இல் வந்தது. பாரிஸின் அறிஞர் அந்துவான் கூர் தெ ஜெபெலின், ஒரு வீட்டில் பெண்கள் டாரட் ஆடுவதைக் கண்டார். கால் மணி நேரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம்: இது விளையாட்டே அல்ல, எகிப்தியப் பூசாரிகள் தம் ஞானத்தை அழியாமல் காக்க ஆட்டம் போல வேடமிட்டு விட்டுச்சென்ற தெய்வ நூல் என்று, பல பகுதிகளாக வெளியிட்டுவந்த தம் தொகுப்பு நூலின் எட்டாம் பகுதியில் எழுதினார். எகிப்திய எழுத்தைப் படிக்க வழிகாட்டிய ரொசெட்டா கல்வெட்டு கிடைத்தது 1799இல்; பிரெஞ்சு அறிஞர் ஷம்போலியோன் அந்த எழுத்தைப் படித்துக் காட்டியது 1822இல். அதாவது, எகிப்திய எழுத்தில் ஒரு வரியையும் உலகில் எவராலும் படிக்க முடியாத காலத்தில் அவர் இந்த எகிப்திய மூலத்தைக் கண்டுபிடித்தார். மறுக்க ஆளில்லாத இடத்தில் ஒரு கதை எவ்வளவு சுகமாக வளரும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. எகிப்திய எழுத்து படிக்கப்பட்ட பின்னும் அந்தக் கதை சாகவில்லை என்பது இன்னொரு வேடிக்கை.

ஜெபெலின் கதை எழுதினார். அதைத் தொழிலாக்கியவர் ழான்-பத்தீஸ்த் அலியெத். தம் குடும்பப் பெயரைத் திருப்பிப் போட்டு 'எத்தேயா' என்று வைத்துக்கொண்ட இவர், 1770இலேயே 32 சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு குறி பார்க்கும் முறையை நூலாக அச்சிட்டிருந்தார். சீட்டு நேராக விழுந்தால் ஒரு பொருள், தலைகீழாக விழுந்தால் வேறொரு பொருள் என்ற வழக்கம் அந்த நூலில் இருக்கிறது. எகிப்துக் கதை பரவியதும் டாரட்டுக்கு மாறி, 1780களின் இறுதியில் ஆடுவதற்கன்றிக் குறி பார்ப்பதற்கென்றே ஒரு கட்டை வெளியிட்டார். பழைய வரிசை தவறென்று சொல்லித் தம் விருப்பப்படி மாற்றியும் அமைத்தார். 1850களில் பிரெஞ்சு மறைஞான எழுத்தாளர் எலிஃபாஸ் லெவி 22 படச் சீட்டுகளையும் 22 எபிரேய எழுத்துகளோடு இணைத்தார். இரண்டும் 22 என்பதைத் தவிர அந்த இணைப்புக்கு வரலாற்று ஆதாரம் ஏதுமில்லை.

நெப்போலியன் காலத்துப் பாரிஸில் புகழ்பெற்ற குறிகாரி மரீ ஆன் லெனோர்மான் பெயரில் இன்று உலகெங்கும் விற்கும் 36 சீட்டுக் கட்டின் பிறப்பும் இப்படித்தான். அது நூரெம்பெர்க் நகரத்து யோகான் காஸ்பர் ஹெக்டெல் என்பவர் 1799 அளவில் வடிவமைத்த, தாயக்கட்டை உருட்டி ஆடும் 'நம்பிக்கை ஆட்டம்'. சீட்டுகளை ஆறுக்கு ஆறாகத் தரையில் பரப்பி, நம் பரமபதத்தைப் போலக் காய் நகர்த்துவார்கள். 1843இல் லெனோர்மான் இறந்த பிறகே அவருடைய பெயர் அந்தப் படங்களின்மேல் ஒட்டப்பட்டது.

இன்று கடைகளில் கிடைக்கும் டாரட் கட்டுகளில் பெரும்பாலானவற்றின் தாய், லண்டனில் 1909இல் ரைடர் நிறுவனம் வெளியிட்டது. அதன் திட்டம் மறைஞான எழுத்தாளர் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது. படங்கள் பமீலா கோல்மன் ஸ்மித்துடையவை. அதுவரை பெரும்பாலான கட்டுகளில் 'மூன்று வாள்' என்றால் மூன்று வாள்கள் மட்டுமே இருக்கும். ஸ்மித் ஒவ்வோர் எண் சீட்டையும் ஒரு காட்சியாக வரைந்தார்: மூன்று வாள்கள் துளைத்த இதயத்தின் பின்னே மழை பெய்யும்; எட்டுக் கிண்ணங்களை விட்டுவிட்டு ஒருவர் நிலவொளியில் மலையை நோக்கி நடப்பார். பொருளை மனப்பாடம் செய்யாதவருக்கும் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு கதை தோன்றும். இந்தத் தொழிலின் உண்மையான கண்டுபிடிப்பு இதுவே என்பது என் கருத்து. அதைச் செய்த ஸ்மித், நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்கு ஒரு பெரிய வேலையை முடித்தேன் என்று மட்டும் குறிப்பிட்டார். வெய்ட் தம் பங்குக்கு 8ஆம் இடத்திலிருந்த 'நீதி'யையும் 11ஆம் இடத்திலிருந்த 'வலிமை'யையும் இடம் மாற்றினார்.

குறி பார்க்கும் முறை எளிது. கேள்வி கேட்பவர் கட்டைக் கலைப்பார் அல்லது வெட்டிக் கொடுப்பார். சீட்டைப் படித்துக் குறி சொல்பவர் சில சீட்டுகளை எடுத்துக் குறிப்பிட்ட இடங்களில் வைப்பார். மூன்று சீட்டு என்றால் பெரும்பாலும் கடந்தது, நடப்பது, வருவது. 'கெல்ட்டியச் சிலுவை' என்ற அமைப்பில் பத்து இடங்கள், ஒவ்வொன்றுக்கும் தடை, ஆசை, சுற்றம், முடிவு என்று ஒரு பெயர். சீட்டின் பொருளும் இடத்தின் பொருளும் சேர்ந்து ஒரு வாக்கியம் ஆகின்றன.

இந்த வாக்கிய இயந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். 78 சீட்டுகளில் மூன்றை வரிசையாக எடுக்க 4,56,456 வழிகள் உள்ளன; நேரும் தலைகீழும் சேர்த்தால் 36,51,648. இவ்வளவு வகை இருப்பதால்தான் ஒவ்வொரு பார்வையும் தனக்கென்றே அமைந்ததாகத் தோன்றுகிறது. அதே சமயம், பத்துச் சீட்டு பரப்பினால் அவற்றில் ஒரு படத் துருப்பாவது விழுவதற்கான வாய்ப்பு 97 விழுக்காடு. மரணம், சாத்தான், இடிந்துவிழும் கோபுரம் ஆகிய மூன்று பயங்கரப் படங்களில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 34 விழுக்காடு. மூன்று பேர் வந்தால் அவர்களில் ஒருவருக்கு வயிற்றைக் கலக்கும் சீட்டு விழுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். மாறாக, நன்றாகக் கலைத்த கட்டில் அதே கேள்வியைக் கேட்டு அதே மூன்று சீட்டுகளை மீண்டும் எடுப்பதற்கான வாய்ப்பு 76,076இல் ஒன்று. ஒரே கேள்வியை உடனே மறுபடி கேட்கக் கூடாது என்று குறி சொல்வோர் ஒரு விதி வைத்திருப்பது அவர்கள் தொழிலுக்கு வசதியானதுதான்.

ஆனால் சீட்டு எப்படி விழுந்தாலும், கேட்டவர் ஏன் 'அப்படியே என் கதை' என்று எழுந்து போகிறார்? 1948இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் வகுப்பு மாணவர் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்து, சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் 'உங்கள் தனிப்பட்ட முடிவு' என்று ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோரிடமும் இருந்தது ஒரே தாள். அதன் வரிகளில் பெரும்பகுதி கடையில் வாங்கிய சோதிட நூலிலிருந்து எடுத்தவை. வெளியே கட்டுப்பாடாக இருக்கிறீர்கள், உள்ளே கவலை இருக்கிறது என்பது போன்ற வரி யாருக்குத்தான் பொருந்தாது? பொதுவான சொல்லைக் கேட்பவர் தம் வாழ்க்கையின் குறிப்பான நிகழ்ச்சியால் நிரப்பிக்கொள்கிறார். நிரப்பியது தாமே என்பதை மறந்து, சொன்னவரின் திறமை என்று கணக்கில் எழுதுகிறார். பொருந்தியது நினைவில் தங்கும், பொருந்தாதது வீட்டுக்குப் போவதற்குள் உதிர்ந்துவிடும்.

உளவியலாளர் ரே ஹைமனின் அனுபவம் இன்னும் கூர்மையானது. மாணவராக இருந்தபோது கைரேகை பார்த்துச் சம்பாதித்த அவர், வந்தவர்கள் வியந்துபோவதைக் கண்டு ரேகையில் உண்மையிருப்பதாகவே நம்பினார். மேடை வித்தைக்காரர் ஸ்டான்லி ஜாக்ஸ் ஒருநாள், ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார் என்றார். ஹைமன் அப்படியே சொன்னார். வாடிக்கையாளர்கள் முன்போலவே வியந்தார்கள். எத்தேயாவும் வெய்ட்டும் ஒரே சீட்டுக்கு வெவ்வேறு பொருள் சொல்லியும் இருவர் வழியிலும் குறி 'பலித்து' வந்ததன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

டாரட்டை நேரடியாகச் சோதித்தவர்களும் உண்டு. தாமே பல ஆண்டுகள் டாரட் பார்த்த பிரிட்டிஷ் உளவியலாளர் சூசன் பிளாக்மோர் 1983இல் வெளியிட்ட ஆய்வில், பலருக்குச் சொன்ன குறிகளைக் கலந்து கொடுத்து, உங்களுடையது எது என்று கேட்டார். முதல் முறை பலர் சரியாகவே தேர்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகமானவர்கள். மற்றவருக்கு எது பொருந்தும் என்று ஊகித்து விலக்க முடிந்திருக்கலாம். அறிமுகமில்லாதவர்களை வைத்து மறுபடி செய்தபோது அந்த வெற்றி மறைந்தது.

நேரில் உட்கார்ந்து பார்க்கும்போது இதோடு இன்னொன்றும் சேர்கிறது. கேட்பவரின் உடை, வயது, தாலி, கைபேசியைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் பதற்றம், ஒரு சொல்லுக்குக் கண் விரிவது ஆகியவற்றையெல்லாம் படிப்பவர் கவனிக்கிறார், பல நேரம் தாம் கவனிப்பதை அறியாமலே. 'ஒரு பெண் பெயர்... மூத்தவர்...' என்று தூண்டில் போட்டால், 'எங்க அத்தையா?' என்று மீன் தானாக வரும். நம் கிளி ஜோசியத்தில் இந்தப் பிரிவினை அழகாகத் தெரியும். கூண்டிலிருந்து நடந்து வந்து அடுக்கிலிருந்து ஒரு சீட்டை இழுத்துப்போட்டு, ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போகும் கிளி செய்வது தற்செயலை உண்டாக்குவது மட்டும். முருகனோ மாரியம்மனோ வந்த படத்தை எதிரே இருப்பவரின் முகத்தோடு இணைப்பது ஜோசியரின் வேலை. டாரட்டில் கிளியின் இடத்தைக் கலைத்த கட்டு பிடித்துக்கொள்கிறது.

இத்தாலியின் வடமேற்கே பியட்மாண்ட் பகுதியில் அதே 78 சீட்டுகளை வைத்து இன்றும் மாலை நேரங்களில் ஆடுகிறார்கள். 13ஆம் துருப்பில் அரிவாளோடு நிற்கும் எலும்புக்கூடு அங்கும் இருக்கிறது. அது மேசையில் விழும்போது, கையில் 14ஆம் துருப்பை வைத்திருப்பவர் அதை இறக்கி மரணத்தை வெட்டி, அந்தச் சுற்றை எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டைப் போடுகிறார்.